தப்பொலியும் பாட்டின் சொல்லும்

இசைக்குச் சொல் வேண்டுமா, வேண்டுமாயின் அது செவிக்குத் தெளிவாக விளங்க வேண்டுமா என்னும் வினா, மெட்டல் என வழங்கும் பேரோசை மிக்க மேனாட்டிசையை ஒட்டி இக்காலத்தில் அடிக்கடி எழுகின்றது. 1970ஆம் ஆண்டில் பர்மிங்காம் நகரத்துப் பிளாக் சபத் குழுவினர் தம் முதல் இசைத்தட்டை வெளியிட்டபோது, பாடகரின் சொற்கள் நன்றாகவே கேட்டன. பின்வந்தோருட் சிலரே குரலை உறுமலாக்கினர். 1992இல் சிங்கப்பூரில் தோன்றிய ருத்ரா என்னும் குழுவோ, வேதாந்தக் கருத்துக்களையே உறுமற் குரலிற் பாடிப் பெயர் பெற்றது. ஒரு சொல்லும் விளங்கவில்லையே என்று பெரியோர் முகஞ் சுளிப்பது இயல்பே. ஆயினும், இவ்வினா நமக்குப் புதியதன்று. திம்புள்ளைத் தேயிலை மலைகளில் அது வேறு உருவில் நெடுங்காலம் வாழ்ந்துள்ளது.

அங்கே பேரோசைக் கருவி தப்பு. நெருப்பில் வாட்டி முறுக்கேற்றிய தோலின் ஒலி மலைக்கு மலை எதிரொலிக்கும். பொழுது புலருமுன் லயங்களில் உறங்குவோரை எழுப்பி வேலைக்கு அழைத்தது பிரட்டுத் தப்பு. திருவிழாவுக்கு ஓர் அடி, சாவுக்கு வேறோர் அடி. அடுத்த தோட்டத்தில் நிகழ்ந்தது மங்கலமா அமங்கலமா என்பதை, சொல் ஒன்றுமின்றியே இம்மலையிலுள்ளோர் அறிந்துகொண்டனர்.

மாசி மாதத்தில் ஆடப்பெறும் காமன் கூத்தில் தப்போடு பாட்டும் சேரும். சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மதன் எரிந்துபோக, ரதி புலம்புகின்றாள். விடிய விடிய நடைபெறும் ஆட்டத்தில், தப்பின் முழக்கத்திடையே பாடுவோர் சொற்களிற் பாதி கேளாது போவதுண்டு. அதனால் எவரும் குறைபட்டுக்கொள்வதில்லை. கதை ஊரறிந்தது, இளமையிலிருந்தே கேட்ட பாட்டாதலின், விடுபட்ட சொல்லைக் கேட்போர் தம் மனத்தாலேயே நிரப்பிக்கொள்வர். மெட்டல் இசையின் அன்பர் நிலையும் இதற்குத் தொலைவானதன்று. அவர் இசைத்தட்டின் உறையில் அச்சிட்ட பாடலை முன்பே படித்துவிட்டு வந்து கேட்கின்றார்.

ஆயின் புதிய செய்தியைச் சொல்ல வந்த பாட்டு இவ்வாறு நடந்துகொள்ள இயலுமோ?

தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1931ஆம் ஆண்டில், திம்புள்ளையை அடுத்த ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அக்காலத்தில் வெளியார் எவரும் துரைமாரின் இசைவின்றித் தோட்டத்துள் நுழைதல் அரிது. அவர் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குச் சென்றார் என்பர். அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களிற் பாரதியார் பாடல்களைப் பாடினார். தாமும் பாடல்கள் இயற்றினார். 1939இல் இலங்கை அரசாங்கம் தன் பகுதிகளில் நாட்கூலி பெற்ற இந்தியரை வேலைநீக்கஞ் செய்ய முற்பட்டது. அக்கொந்தளிப்பை அடுத்து, 1940இல், 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் அவரது பாடல் நூல் வெளிவந்தது. இசைக்கு நாதம் போதுமா, விளங்கும் மொழியும் வேண்டுமா என்று தமிழகத்துப் பெரியோர் வழக்காடி, 1943இற் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் நிறுவப்படுவதற்கு மூன்றாண்டுகள் முந்திய செய்தி இது. அவ்வழக்கில் மலைநாட்டின் சான்றை எவரேனும் அழைத்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மீனாட்சியம்மாளின் பாட்டுக்கு முன் நின்றோர் ரதியின் கதையை அறிந்தது போல இச்செய்தியை அறிந்தவரல்லர். தம் உரிமை யாது, அதைப் பறிப்போர் யாவர் என்பதை அவர்கள் முதன்முறையாக அப்பாட்டிலேயே கேட்டனர். எனவே ஒரு சொல் தவறினாலும் பொருள் தவறும். அச்சான நூல் கைக்கு எட்டினும், அதைப் படிக்கத் தெரிந்தோர் லயத்தில் மிகச் சிலரே. மற்றையோருக்குச் செவி ஒன்றே ஏடு. கூட்டம் கலைந்து மலையேறும் வரையில் அந்தச் சொற்கள் நினைவில் நின்றாக வேண்டும்.