இரவுக் கால்ஷீட்டும் கோடம்பாக்கத்துத் தெருக்களும்

தமிழ்ப் படங்களின் சரித்திரத்தை எழுத முற்பட்டவர்கள் ஸ்டூடியோ அதிபர்களைப் பற்றியும் நட்சத்திரங்களைப் பற்றியும் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் படப்பிடிப்புத் தளத்தின் பரண்மீது ஆர்க் விளக்கின் அனலில் இரவு முழுவதும் நின்ற தொழிலாளி, விடியற்காலையில் இறங்கி எங்கே போய்ப் படுத்தான், அந்த இடம் அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்ற கேள்விக்கு அந்த நூல்களில் விடை தேடுவோர்க்கு ஏமாற்றமே மிஞ்சும். கோடம்பாக்கம், வடபழநி, சாலிக்கிராமம் ஆகிய மூன்று பகுதிகளும் இன்று நாம் காணும் உருவத்தை அடைந்ததற்கு, முதல் போட்ட செல்வந்தர்களின் பிரயத்தனத்துக்குச் சற்றும் குறையாத அளவில், அந்தத் தொழிலாளியின் வேலை நேரமும் காரணமாக இருந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

பேசும் படம் பிறந்த காலத்தில் அதற்குச் சென்னையில் இருப்பிடமே இல்லை. 1931-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமாகிய 'காளிதாஸ்' பம்பாயில் எடுக்கப்பட்டது. அதன் பிறகும் சில வருஷங்கள் வரையில் நம்முடைய நடிகர்களும் பாடகர்களும் பக்கவாத்தியக்காரர்களும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் கோலாப்பூருக்கும் ரயிலேறிப் போய், பாஷை தெரியாத ஊரில் தங்கி, வேலை முடிந்ததும் திரும்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர் நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். ஊருக்கு ஊர் கொட்டகை போட்டு, கம்பெனி வீட்டிலேயே உண்டு உறங்கிப் பழகியவர்களாதலால் பிற ஊர் வாசம் அவர்களுக்கு ஒரு பாரமாகத் தோன்றியிராது. 1934-இல் ஏ. நாராயணன் சென்னையிலேயே ஸ்ரீநிவாஸ சினிடோனை ஸ்தாபித்தார். அதே ஆண்டில் கே. சுப்பிரமணியம் 'பவளக்கொடி'யை அடையாற்றில் சூரிய வெளிச்சத்தை நம்பியே எடுத்தார். மேகம் மூடினால் வேலை நிற்கும். காகம் கரைந்தால் ஒலிப்பதிவு கெடும். அஸ்தமனத்தோடு அன்றையக் காரியம் முடிந்துவிடும். சிரமங்கள் பல இருந்தபோதிலும், அந்த நாளில் படத்தொழிலாளிக்கு மற்றத் தொழிலாளிகளைப் போலவே இரவு என்று ஒன்று சொந்தமாக இருந்தது.

மூடிய தளங்களும் சக்தி வாய்ந்த மின்விளக்குகளும் வந்தபின் அந்த இரவு பறிபோயிற்று. ஒரு தளத்தை வாடகைக்கு எடுத்துக் கோட்டையோ அரண்மனையோ போட்ட தயாரிப்பாளர், அடுத்த கம்பெனிக்குத் தளத்தை ஒழித்துக் கொடுக்கவேண்டிய தினத்துக்குள் அந்தக் காட்சிகளை எடுத்து முடித்தாகவேண்டும். முக்கிய நடிகரோ ஒரே காலத்தில் பல படங்களில் நடித்துக்கொண்டு, பகலை ஒரு கம்பெனிக்கும் இரவை மற்றொரு கம்பெனிக்கும் பங்கிட்டுக் கொடுப்பவர். இவ்விரண்டு நெருக்கடிகளும் சேர்ந்து, காலைக் கால்ஷீட்டின் பின்னே இரவுக் கால்ஷீட் தொடர்வதைச் சாதாரணமாக்கிவிட்டன. நடிகர் ஒரு தளத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடைவேளையில் காரிலேயே கண்ணயரலாம். செட் போடும் ஆசாரிக்கும், அச்சு வார்க்கும் மோல்டருக்கும், வர்ணம் பூசுபவருக்கும், லைட்மேனுக்கும் அந்த வசதி ஏது? காமிரா ஓடும்போதே வசனமும் பதிவாகவேண்டியிருந்ததால் கதவுகளை அடைத்து, மின்விசிறிகளையும் நிறுத்திவிடுவார்கள். அந்தப் புழுக்கத்தில் மேலே பரணில் இருந்தவர்களுடைய நிலைமை எத்தகையது என்பதைத் தரையில் இருந்தவர்களே முழுமையாக அறிந்திருப்பார்களா என்பது சந்தேகம்.

இத்தகைய வேலைக்காக ஊரைவிட்டு வந்தவனை நகரத்தில் நிலைக்கச் செய்தது முதலாவதாக மாதச் சம்பளம். எஸ். எஸ். வாசன் 1941-இல் மவுண்ட் ரோடில் தீக்கிரையான ஒரு ஸ்டூடியோவை விலைக்கு வாங்கி ஜெமினியை உண்டாக்கியபோது, தச்சர் முதல் கதை இலாகா எழுத்தாளர் வரையில் அனைவரையும் மாதச் சம்பளக்காரர்களாகவே வைத்துக்கொண்டார். 1948-இல் வெளிவந்த 'சந்திரலேகா'வின் முரசு நடனத்துக்கு நீண்ட காலம் ஒத்திகை நடத்த முடிந்ததற்கு இந்த ஏற்பாடே ஆதாரம். செகந்திராபாத்தில் பிறந்து, தந்தை காலமானபின் குடும்பத்தோடு சென்னைக்கு வந்த எழுத்தாளர் அசோகமித்திரன், 1952 முதல் 1966 வரை ஜெமினியில் உத்தியோகம் பார்த்தவர். அவர் பிற்காலத்தில் எழுதியவற்றைப் படிப்போர், ஒரு ஸ்டூடியோவின் சம்பளப் பட்டியலில் பெயர் இருப்பது, புதிய நகரத்தில் வாடகைக்கு வீடு பிடிப்பவனுக்கு எத்தனை பெரிய பலம் என்பதை வரிகளுக்கிடையே உணர்வார்கள்.

சென்னைக்கு வெளியேயும் இத்தகைய வாழ்வு இருந்தது. சேலத்தில் டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸும், கோயம்புத்தூரில் சென்ட்ரல், பக்ஷிராஜா ஸ்டூடியோக்களும் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஜீவனம் அளித்தன. உலக யுத்தத்தின்போது, 1942-இல் ஜப்பானியர் குண்டு வீசுவார்கள் என்ற பீதியில் சென்னைவாசிகள் கூட்டம் கூட்டமாக ஊரைக் காலி செய்தனர். யுத்தம் முடியும் தறுவாயில் ஏ. வி. மெய்யப்பன் காரைக்குடியில், கீற்றுக் கொட்டகைகளைத் தளங்களாகக் கொண்டே ஸ்டூடியோ அமைத்து, 1947-இல் 'நாம் இருவர்' படத்தை வெளியிட்டார். மறு வருஷமே அவர் ஸ்டூடியோவைச் சென்னைக்கு மாற்றினார். அதே 1948-இல் பி. என். ரெட்டியும் மூலா நாராயணஸ்வாமியும் வடபழநியில் வாகினி ஸ்டூடியோவைத் தொடங்கினர். பின்னர் நாகி ரெட்டியின் நிர்வாகத்தில் விஜயா-வாகினி என்று அது பெருகிற்று. கோடம்பாக்கத்தின் பிறந்த வருஷம் எது என்று என்னைக் கேட்டால், தயக்கமின்றி 1948 என்பேன்.

ஏன் அந்த இடம்? மாம்பலத்து ஏரியைத் தூர்த்து 1920-களில் எழுந்த தியாகராய நகர் ரயில் பாதைக்குக் கிழக்கே நின்றுவிட்டது. மேற்கே வயல்களும் தோப்புகளுமாக விரிந்த நிலம் மலிவாகக் கிடைத்தது. நகரச் சந்தடியின் ஓசை ஒலிப்பதிவைக் கெடுக்கும் தூரத்திலும் இல்லை. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையிலான மின்சார ரயில் 1931-லேயே ஓடத் தொடங்கியிருந்ததால் கோடம்பாக்கம் நகரத்துக்கு எட்டாத ஊரும் அன்று. ஆனால் அந்த ரயில் பாதைதான் இரண்டு வாழ்வுகளுக்கு நடுவே எல்லையாகவும் அமைந்தது. நட்சத்திரங்களும் தயாரிப்பாளர்களும் கிழக்கே தியாகராய நகரில் பங்களா கட்டினார்கள். ஸ்டூடியோக்கள் மேற்கே இருந்தன. 1960-களில் மேம்பாலம் கட்டி முடிக்கும் வரை, கோடம்பாக்கம் ரயில்வே கேட் மூடியிருக்கும் சமயங்களில், வெளியூர் ஜனங்கள் நட்சத்திரங்களின் கார்களை எட்டிப் பார்ப்பதற்கென்றே அங்கே காத்து நின்றார்கள்.

நள்ளிரவுக்குப் பின் வேலை முடிந்து 'பேக்கப்' சொல்லும் நேரத்தில் மின்சார ரயிலும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. கம்பெனி வண்டி இருந்தால் அது முதலில் முக்கியஸ்தர்களையும், பிறகு துணை நடிகைகளையும் கொண்டுபோய் விடும். மற்றவர்கள் சைக்கிளையோ கால்களையோ நம்ப வேண்டியதுதான். ராயபுரத்திலோ திருவல்லிக்கேணியிலோ உறவினர் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்த மனிதன், சில மாதங்கள் தளத்தின் மூலையில் செட் துணியை விரித்துப் படுத்துப் பார்த்தபின், ஸ்டூடியோவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஓர் ஓட்டு வீட்டின் அரைப் பங்கை வாடகைக்கு எடுத்தான். பிறகு ஊரிலிருந்த மனைவியை அழைத்துக்கொண்டான். அவளுடைய தம்பியும் அதே இலாகாவில் உதவியாளாகச் சேர்ந்தான். வடபழநி முருகன் கோயிலைச் சுற்றியும் ஆர்க்காடு சாலையின் இரு புறத்திலும் தெருக்கள் இவ்வாறே நிரம்பின. விடிகாலை மூன்று மணிக்கும் இட்லி கிடைக்கும் கடைகள் அங்கே தோன்றியதும் இதனால்தான்.

சினிமாக்காரர்களுக்கு வீடு கொடுப்பதில்லை என்று கூறிய வீட்டுக்காரர்கள் சென்னையின் பழைய பகுதிகளில் அநேகர். கோஷ்டி நடனப் பெண்களுக்கும், அந்நாளில் எக்ஸ்ட்ரா என்று அலட்சியமாக அழைக்கப்பட்ட துணை நடிகைகளுக்கும் இந்த நிராகரிப்பு மிகக் கடுமையாக இருந்தது; அகால வேளையில் வண்டியிலிருந்து இறங்குவதே ஒரு பெண்ணின்மேல் குற்றமாகக் கொள்ளப்பட்டது. சாலிக்கிராமத்திலோ, எதிர்வீட்டுப் பெண்ணும் அதே வண்டியில் இறங்குபவள். அந்தப் பகுதி அவர்களுக்கு அளித்த ஆறுதலை, வேலைக்கு அருகாமை என்ற கணக்கில் மட்டும் அடக்கிவிட முடியாது.

தனி ஆள்களுடைய கதை வேறு. ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த கவிஞர் வாலியும், நடிகர்களான நாகேஷும், ஸ்ரீகாந்தும் தியாகராய நகர் கிளப் ஹவுஸ் அறைகளில் வாழ்ந்த நாட்கள் பிரசித்தம். பாட்டெழுத வாய்ப்புக் கிடைக்காமல் ஊர் திரும்ப எண்ணியிருந்த வாலியைச் சென்னையிலேயே நிறுத்தியது, 1962-இல் வந்த 'சுமைதாங்கி'க்குக் கண்ணதாசன் எழுதிய ஒரு பாட்டு என்பதை வாலியே பலமுறை நன்றியோடு கூறியிருக்கிறார். தெலுங்கரும் மலையாளிகளும் கன்னடியரும் இதே தெருக்களில் குடியேறினர். வங்காளத்தில் 'சின்னமூல்' என்னும் அகதிகளின் சித்திரத்தை எடுத்த நிமாய் கோஷ், சென்னைக்கு வந்து 1960-இல் 'பாதை தெரியுது பார்' படத்தை இயக்கியதோடு நில்லாமல், இந்தத் தொழிலாளர்களோடேயே தம் வாழ்நாளைக் கழித்தார். அவரும் இசையமைப்பாளர் எம். பி. ஸ்ரீநிவாஸனும் சங்கங்களை அமைத்து, அவற்றைத் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமாக இணைக்கப் பாடுபட்டார்கள். கால்ஷீட்டுக்கு மேற்பட்ட நேரத்துக்குக் கூடுதல் ஊதியம், பேட்டா, வண்டி வசதி ஆகியவை முதலாளிகளின் தயாளத்தைச் சார்ந்திராமல் உரிமையாக மாறியது இத்தகையோரின் உழைப்பால்தான். நம் படவுலகம் இவ்விருவருக்கும் உரிய நினைவை இன்னும் செலுத்தவில்லை என்றே கருதுகிறேன்.

சங்கம் வலுப்பெற்ற அதே காலத்தில் ஸ்டூடியோ முறை தளர்ந்தது. மாதச் சம்பளம் போய்த் தினக்கூலி வந்தது. வாகினியின் நிலத்தில் 1972-இல் விஜயா ஆஸ்பத்திரி எழுந்தது. 1977-இல் '16 வயதினிலே' வென்றபின் காமிரா கிராமங்களை நாடிற்று. தெலுங்குப் படத்தொழில் படிப்படியாக ஹைதராபாத்துக்குப் போயிற்று. தளங்கள் குறைந்தபோதிலும், அவற்றை நம்பி வந்த குடும்பங்கள் பெரும்பாலும் இடம் பெயரவில்லை. ஆனால் நிலத்தின் விலையேற்றம் புதிதாக வருபவனை வளசரவாக்கத்துக்கும் போரூருக்கும் அப்பாலும் தள்ளியது. மாமல்லபுரத்தை அடுத்த பையனூரில் தொழிலாளர்களுக்கென அரசாங்கம் நிலம் ஒதுக்கியபோது, வீடுகளோடு படப்பிடிப்புத் தளமும் அங்கேயே வேண்டுமென்று சம்மேளனம் முயன்று, ஒரு தளத்தை எழுப்பியும் இருக்கிறது. அந்த முயற்சியின் நியாயம் வெளிப்படை: வேலை வடபழநியிலும் வீடு பையனூரிலுமாக இருந்தால், இரவு இரண்டு மணிக்கு வேலை முடிந்தவன் வீடு சேர்வதற்கும் காலைக் கால்ஷீட்டுக்குப் புறப்படுவதற்கும் நடுவே உறங்க நேரம் இராது.