மணியார்டரில் வந்த கடை வாடகை

போன வாரம் பேரனின் நண்பன் ஒரு கடை வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து, "தாத்தா, கையெழுத்துப் போடலாமான்னு பாருங்க" என்றான். எட்டுப் பக்கம். சென்னையில் நான் வக்கீல் குமாஸ்தாவாகச் சேர்ந்த காலத்தில் பல கடைகளுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. வாய்ப்பேச்சுதான்.

வாடகைக் கட்டுப்பாடு யுத்த காலத்தில் வந்தது. 1941ல் வீடுகளுக்கு, அடுத்த வருஷம் கிடங்குகளுக்கு என்று சென்னை மாகாண அரசு உத்தரவு போட்டது. இடத்துக்குத் தட்டுப்பாடு இருந்ததால் வாடகையை ஏற்றவோ, ஆளை வெளியே தள்ளவோ கூடாது என்பது நோக்கம். யுத்தம் முடிந்தது, உத்தரவு முடியவில்லை. 1946ல் சட்டமானது, 1949ல் புதுப்பித்தார்கள், 1960ல் விரிவான சட்டம் வந்தது. என் சர்வீஸ் முழுக்க அந்த 1960 சட்டத்தோடுதான் கழிந்தது.

அதில் 8ஆவது பிரிவு எனக்கு மனப்பாடம். உரிமையாளர் வாடகையை வாங்க மறுத்தால், எந்த பாங்கில் கட்டுவது என்று வாடகைதாரர் எழுதிக் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் கமிஷனைக் கழித்துக்கொண்டு மணியார்டர் அனுப்ப வேண்டும். அதுவும் திரும்பி வந்தால் வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்தில் கட்டலாம். இந்த வரிசை தப்பினால், 'வேண்டுமென்றே பாக்கி வைத்தார்' என்று காலி செய்யச் சொல்லும் மனு வரும். திரும்பி வந்த மணியார்டர் ரசீதுகளை நூலில் கோத்து வைத்திருப்பார்கள் கட்சிக்காரர்கள். அந்தக் கட்டுதான் அவர்களுக்குக் கடைப் பத்திரம்.

ஜார்ஜ் டவுனில் ஒரு காகித வியாபாரி எங்கள் கட்சிக்காரர். மாத வாடகை 60 ரூபாய். உரிமையாளர் ஒரு விதவை அம்மா. கணவர் காலத்தில் பேசிய வாடகை அது. மகனுக்குக் கடை வைத்துக் கொடுக்க வேண்டும், இடம் வேண்டும் என்று மனுப் போட்டார். நியாயமான தேவை. ஆனால் சட்டத்தில் இருந்த சொல், தொழில் 'நடத்திக்கொண்டிருக்கும்' உரிமையாளர். மகன் இன்னும் எதையும் தொடங்கவில்லையே! எங்கள் சீனியர் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஜெயித்தார். கடை தொடங்க ஏற்பாடு செய்திருந்தாலே போதும் என்று தீர்ப்புகள் இருந்தன; பாவம், அந்தப் பையன் ஒரு தராசுகூட வாங்கி வைக்கவில்லை. கோர்ட் வராந்தாவில் அந்த அம்மா என்னைப் பார்த்து, "கடை இல்லாம எப்படிப்பா கடை நடத்துறது?" என்றார். நான் கட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

வியாபாரி கெட்டவர் இல்லை. அந்த விலாசத்தை நம்பித்தான் அவருக்கு வாடிக்கை. நாலு பேருக்கு அங்கே சம்பளம். இடம் மாறினால் எல்லாம் போகும்.

வாடகையை உயர்த்த வழி இல்லாமல் இல்லை. 1973 திருத்தத்துக்குப் பிறகு நியாய வாடகை என்பது நிலத்தின் சந்தை மதிப்பையும் கட்டட மதிப்பையும் கூட்டி, வீட்டுக்கு 9 சதவீதம், கடைக்கு 12 சதவீதம். கணக்கு நல்ல கணக்குதான். ஆனால் இரு தரப்பும் ஆளுக்கொரு இன்ஜினீயரைக் கொண்டுவந்து, மேல்முறையீடு, ஹைகோர்ட் சீராய்வு என்று போனால் வருஷங்கள் ஓடிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. 400 ரூபாய்க்கு மேல் வாடகை தரும் வீட்டுக்காரருக்கு 1960 சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. கடைக்கோ எத்தனை ஆயிரம் வாடகை என்றாலும் உண்டு. இது பாரபட்சம் என்று சொல்லி 1986ல் உச்ச நீதிமன்றம் அந்த 400 ரூபாய் வரம்பை ரத்து செய்தது. கடைக்காரருக்கு இருந்த சலுகையைக் காட்டி வீட்டுக்காரர்கள் ஜெயித்தார்கள்!

காகிதக் கடை பிற்பாடு கோர்ட்டுக்கு வெளியேதான் தீர்ந்தது. காலி செய்ய அந்த மகன் வியாபாரிக்கு ஒரு தொகை கொடுத்தார். அந்தக் கடையில் அவர்கள் குடும்பம் அதுவரை வாங்கிய மொத்த வாடகையைவிட அது அதிகம். அம்மா அப்போது இல்லை.

1960 சட்டம் 2019 பிப்ரவரி 22ஆம் தேதியோடு போயிற்று. அன்று அமலுக்கு வந்த புதுச் சட்டத்தில் வாடகை இருவரும் பேசி முடிப்பதுதான். ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். ஒப்பந்தம் போடத் தவறினால் அதுவே காலி செய்யச் சொல்லக் காரணமாகிவிடும். ரசீதுக் கட்டை நம்பி இருந்த பழைய கடைக்காரர்கள் பலருக்கு இது பேரிடி.

பையனின் எட்டுப் பக்கத்தில் பதிவு யார் செய்வது என்று ஒரு வரிகூட இல்லை. அதை எழுதி வாங்கிக்கொண்டு வா, அப்புறம் அட்வான்ஸ் கொடு என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்.