தறிக்குழியில் குனிந்த முதுகுக்கு எந்தப் பயிற்சி?

மைசூரில் பிசியோதெரபி முதுநிலை படிப்பவர், ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு ஓர் ஆய்வேடு கொடுத்தாக வேண்டும். முதுகுவலியில் இரண்டு சிகிச்சைகளை எதிரெதிரே நிறுத்துவது வழக்கமான வடிவம். கொள்ளேகால் பட்டு நெசவாளர்களை எடுத்துக்கொள்பவருக்கு ஒரு பழைய வழக்கு காத்திருக்கிறது: முதுகைக் குனியவைப்பதா, நிமிரவைப்பதா?

குனியச் சொன்னவர் டல்லாஸ் மருத்துவர் பால் வில்லியம்ஸ். இடுப்பின் உள்வளைவு மிகுவதுதான் வலிக்குக் காரணம் என்று கருதி, 1937இல், மல்லாந்து படுத்து முழங்காலை மார்போடு அணைக்கும் பயிற்சிகளை வகுத்தார். நியூசிலாந்தின் ராபின் மெக்கன்ஸி போனது நேரெதிர் வழி. 1956இல் அவருடைய நோயாளி ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தியிருந்த கட்டிலில் தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டார். ஐந்து நிமிடம் முதுகு பின்னோக்கி வளைந்து கிடந்தபின் எழுந்தவருக்குக் கால்வலி இல்லை. காலில் இறங்கிய வலி இடுப்பை நோக்கிப் பின்வாங்கினால் பயிற்சி சரியான திசையில் போகிறது என்று மெக்கன்ஸி கண்டுகொண்டார். எந்தக் கருவியும் கேட்காத இந்தக் கவனிப்பைச் சிற்றூர் சிகிச்சைக்கு வாய்த்த பெருங்கொடையாகவே நினைக்கிறேன்.

குழித்தறியில் நெய்பவரைப் பாருங்கள். கால்கள் குழிக்குள் மிதியின் மேல். உடல் படமரத்தை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. இழை அறுந்தால் முடிச்சுப் போட இன்னும் குனிகிறார். நாளெல்லாம் குனிபவருக்கு மேலும் குனியும் பயிற்சி எதற்கு? என் சாய்வு மெக்கன்ஸி பக்கம்தான். ஆனால் வயதாகித் தண்டுவடப் பாதை குறுகியவருக்கு நிமிர்ந்து நடந்தால் கால் மரத்துப்போகும், குனிந்தால்தான் ஆறுதல்.

ஆகவே சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு இது, மீதிப் பேருக்கு அது என்று பிரித்தால் உண்மை சராசரியில் மறைந்துபோகும். 2004இல் வெளியான ஓர் ஆய்வு 312 பேரை முதலில் சோதித்தது. 230 பேருக்கு ஏதோ ஒரு திசை வலியைக் குறைத்தது. அந்தத் திசையிலேயே பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள்.

இன்னொன்று, அளவுகோல். முதுகுவலி அன்றாட வேலைகளை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்க 1980இல் வந்த ஆஸ்வெஸ்ட்ரி வினாத்தாள், நாற்காலியில் எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது என்று கேட்கிறது. தறிக்காரருக்கு நாற்காலி எதற்கு? எழுந்திருக்காமல் எவ்வளவு நேரம் நெய்ய முடிகிறது, குழியிலிருந்து கை ஊன்றாமல் ஏற முடிகிறதா என்று கேட்க வேண்டும். அதையும் மருத்துவமனை மேசையில் வைத்துக் கேட்காமல், நான்கு வாரப் பயிற்சி முடிந்து அவர் மறுபடி தறியில் உட்கார்ந்தபின், அங்கேயே போய்க் கேட்க வேண்டும்.