அணிபவரைக் கேட்டுச் செய்த கருவிகள்: நெய்வேலி சக்கரம் முதல் ரோபோ கால்கள் வரை

நெய்வேலி என்றதும் நினைவுக்கு வருவது பழுப்பு நிலக்கரியும் அதைத் தோண்டும் ராட்சதச் சக்கர இயந்திரங்களும்தான். 1930-களில் ஜம்புலிங்கம் முதலியாரின் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது தண்ணீரோடு கறுப்புத் துகள்கள் வந்தன. 1956-ல் நிறுவனம் உருவானது. 1957-ல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-ல் நிலக்கரி கண்ணில் பட்டது, 1962-ல் மின்சாரம் வந்தது. இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை.

அதிகம் பேசப்படாத கதை ஒன்றும் உண்டு. மண்ணை வெட்டும் அந்தச் சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியில் இருந்து வந்தவை. அங்கே நிலக்கரிக்கு மேலே இருப்பது பெரும்பாலும் மென்மையான மணலும் களிமண்ணும். நெய்வேலியில் இருந்ததோ கடினமான கடலூர் மணற்கல். வாளிகளின் பற்கள் மளமளவென்று தேய்ந்தன. பிறகு என்ன செய்தார்கள்? முதலில் வெடி வைத்துப் பாறையைத் தளர்த்தி, அதன் பிறகு வெட்டினார்கள். பற்களின் வடிவத்தையும் உலோகத்தையும் மாற்றினார்கள். எந்தப் பல் எங்கே தேய்கிறது என்று சுரங்கத்தில் நின்று பார்த்தவர்களின் அனுபவம் இல்லாமல் இது நடந்திருக்காது.

மண்ணுக்கே இந்த நிலை என்றால், மனித உடம்பின் மேல் மாட்டும் இயந்திரத்துக்கு?

எக்ஸோஸ்கெலிட்டன் என்பது அப்படிப்பட்ட இயந்திரம். தமிழில் வெளிக்கூடு என்று சொல்லலாம். நண்டுக்கு ஓடு வெளியே இருப்பது போல, மனிதரின் கால், இடுப்பு, கை ஆகியவற்றின் மேல் ஒரு சட்டம். மூட்டுகளில் மோட்டார், முதுகில் பேட்டரி. நடக்க முடியாதவரை நடக்க வைக்கவும், சுமை தூக்குபவரின் முதுகைக் காக்கவும் இது பயன்படுகிறது.

ராணுவத்தில் பிறந்த கனவு

1890-லேயே ரஷ்யாவைச் சேர்ந்த நிக்கோலஸ் யாகின் என்பவர், ஓடவும் தாவவும் உதவும் வில் போன்ற ஒரு கருவிக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். அது பெரிதாக நடைமுறைக்கு வரவில்லை. 1965-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 'ஹார்டிமேன்' என்ற இயந்திரத்தைத் தொடங்கியது. சுமார் 680 கிலோவை ஒரு மனிதர் சுலபமாகத் தூக்க வேண்டும் என்பது இலக்கு. இயந்திரத்தின் எடையே கிட்டத்தட்ட அவ்வளவு இருந்தது! கடைசியில் ஒரு கைதான் ஒழுங்காக வேலை செய்தது. முழு இயந்திரத்தையும் இயக்கினால் கட்டுப்பாடில்லாமல் உதறியது. அதனால் உள்ளே ஆளை வைத்து அதை முழுமையாக இயக்கவே இல்லை.

கிட்டத்தட்ட அதே காலத்தில் யுகோஸ்லாவியாவின் பெல்கிரேடில் மியோமிர் வுகோப்ரடோவிச் என்ற விஞ்ஞானி வேறு திசையில் போனார். இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்களுக்காகக் காற்றழுத்தத்தில் இயங்கும் கால்களைச் செய்தார். ராணுவ வீரரின் பலத்தைப் பெருக்குவதல்ல, நோயாளியை நிற்க வைப்பதே அவருடைய நோக்கம்.

கண்டுபிடித்தவருக்கே பயன்படாத கருவி

இந்த வரலாற்றிலேயே மனதைத் தொடும் பகுதி இஸ்ரேலில் நடந்தது. அமித் கோஃபர் என்ற பொறியாளர் 1997-ல் ஒரு விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியைத் தவிர வேறு வழியே இல்லையா என்ற கேள்வியில் பிறந்ததுதான் 'ரீவாக்'. 2014-ல் அமெரிக்காவில் அதை வீட்டில் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. ஆனால் அதை அணிந்து நடக்க ஊன்றுகோல் பிடிக்கும் அளவு கைகளில் பலம் வேண்டும். கோஃபருக்கு அது இல்லை. அவர் உருவாக்கிய கருவியில் அவரே நடக்க முடியவில்லை! பிறகு தன்னைப் போன்றவர்கள் நிமிர்ந்து நின்றபடி செல்லும் ஒரு வண்டியை உருவாக்கினார்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் ஒருவரைக் கேட்டால் போதாது. ஒவ்வொரு உடம்பும் வேறு, ஒவ்வொரு தேவையும் வேறு.

2004-ல் அமெரிக்காவில் வெளியான கிம் ஆண்டர்சனின் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. தண்டுவடம் பாதிக்கப்பட்ட 681 பேரிடம், எது திரும்பக் கிடைத்தால் வாழ்க்கை மேம்படும் என்று கேட்டார்கள். கை, கால் நான்கும் செயலிழந்தவர்கள் முதலிடம் கொடுத்தது கைகளுக்கு. கால்கள் மட்டும் செயலிழந்தவர்கள் முதலிடம் கொடுத்தது பாலுறவு வாழ்க்கைக்கு. சிறுநீர், மலக் கட்டுப்பாடும் இரு தரப்புக்கும் முக்கியமாக இருந்தது. 'நடை' முதலிடத்தில் இல்லை. வெளியே நின்று பார்ப்பவர்கள் நடையை மட்டுமே பார்க்கிறார்கள் என்பதுதான் உண்மை.

நம் நாட்டு அனுபவம்

இந்தியாவில் இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தது ஜெய்ப்பூர் கால். 1960-களில் கிடைத்த மேல்நாட்டுச் செயற்கைப் பாதத்தை வைத்துக்கொண்டு குத்த வைத்து உட்கார முடியாது, சம்மணம் போட முடியாது, வெறுங்காலோடு வயலில் இறங்க முடியாது. அது ஷூ போட்டு நாற்காலியில் உட்காருபவர்களுக்காகச் செய்தது. கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே.சேத்தியும் சேர்ந்து ரப்பரில் வேறு பாதம் செய்தார்கள். நடனக் கலைஞர் சுதா சந்திரன் 1981-ல் திருச்சி அருகே நடந்த விபத்துக்குப் பிறகு காலை இழந்து, இந்தக் காலோடுதான் மறுபடி மேடை ஏறினார்.

தமிழ்நாட்டில் வேலூர் சி.எம்.சி.யின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறைக்கே தலைமை ஏற்றார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. பயனாளரே மருத்துவராக இருந்தார் என்பதுதான் அதன் சிறப்பு. தென்காசி அருகே ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கமும் இதே வழிதான்.

இப்போது சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் தலைமையில் ஒரு மறுவாழ்வுக் கருவி மையம் இயங்குகிறது. 2019-ல் 'அரைஸ்' என்ற எழுந்து நிற்க வைக்கும் சக்கர நாற்காலி, 2022-ல் 'கதம்' என்ற செயற்கை முழங்கால் என்று வரிசையாக வந்தன. கதம் முழங்கால் நன்றாக மடங்கும். காரணம்? நம் ஊர் பஸ்சிலும் ஆட்டோவிலும் காலை நீட்ட இடம் ஏது!

யாரிடம் கேட்பது?

வெளிக்கூட்டு ரோபோக்கள் தமிழ்நாட்டில் பரவலாகும்போதும் இதே கேள்விகள் வரும். சித்திரை வெயிலில் வியர்வையோடு எத்தனை மணி நேரம் அணியலாம்? வேட்டி, சேலையோடு மாட்ட முடியுமா? வீட்டில் ஒருவர் துணை இல்லாமல் தானே கழற்ற முடியுமா? சுரங்கத் தொழிலாளியின் முதுகுக்கு ஒரு கருவி செய்தால், குறுகலான ஏணியில் அதோடு ஏற முடியுமா? இதற்கான பதில் ஆய்வகத்தில் கிடைக்காது. அணியப்போகிறவரிடம்தான் இருக்கிறது.

அதுவும் கருவி செய்து முடித்த பிறகு 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் போதாது. முதல் கோடு வரைவதற்கு முன்பே 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்க வேண்டும். நெய்வேலியில் கடலூர் மணற்கல் பற்களைத் தேய்த்தே தன் பதிலைச் சொல்லிவிட்டது. பல் தேய்ந்தால் வேறு பல் மாட்டலாம். பொருந்தாத கருவியில் தேய்வது ஒரு மனிதரின் உடம்பும் நம்பிக்கையும் அல்லவா?