எல்லையூர்களில் கூலியின் வரலாறு

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. பாறசாலையை உள்ளடக்கிய நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்தில் நின்றது. அவ்வெல்லைக் கோட்டைப் பற்றி நம்மவர் எழுதியவை பல. அதன் இருமருங்கும் உழைத்துண்ட மக்களின் கூலியைப் பற்றி எழுதியவை சில. உலகில் எங்கோ எழும் பொருளாதாரப் புயல் எல்லாத் தொழிலாளரையும் ஒருபடித்தாய்த் தாக்குவதில்லை. கூலி எவ்வாறு அளக்கப்படுகிறதோ, அதற்கேற்பவே அடியும் விழுகிறது. இதனை இம்மலரில் சிறிது காண்போம்.

நெய்யாற்றின்கரைத் தாலுக்காவிலுள்ள பாலராமபுரம், 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்மர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து சாலியர்களை வருவித்துக் குடியமர்த்திய நெசவூர். நெசவாளிக்கு நெய்த துணிக்கே கூலி. இரண்டாம் உலகப்போரில் நூலுக்குத் தட்டுப்பாடு வந்தது. 1943-இல் துணிக்கும் நூலுக்கும் அரசு கட்டுப்பாடு விதித்தது. துணியின் விலை ஏறியும் நெசவாளிக்குப் பயனில்லை. நூலின்றித் தறி நின்றால் கூலியும் நின்றது.

அதே போர் பனையேறியை வேறுவிதமாகத் தாக்கிற்று. அவருடைய வருவாய் அக்கானியும் கருப்பட்டியும். பனை வழக்கம்போல் சுரந்தது, தொழில் நிற்கவில்லை. ஆயினும் 1942 மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்து பர்மா அரிசி நின்றபின், கருப்பட்டி விற்ற காசுக்கு அரிசி கிடைப்பது அரிதாயிற்று. மரச்சீனிக் கிழங்கே ஏழைகளின் உயிர் காத்தது. ஒருவருக்குக் கூலி இல்லை. மற்றவருக்குக் கூலியிருந்தும் சோறில்லை.

1973-இல் எண்ணெய் விலை உயர்ந்தது நாட்டுக்குச் சுமையாயினும், கொத்தனாருக்கு வாழ்வு தந்தது. வளைகுடா சென்றோர் அனுப்பிய பணம் கேரளமெங்கும் வீடுகளாய் எழுந்தது. கட்டட வேலைக்கூலி உயர்ந்தது. 2022-23-ஆம் ஆண்டுக்கு ரிசர்வ் வங்கி வெளியிட்ட கணக்கின்படி, நாட்டுப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாட்கூலி கேரளத்தில் சுமார் 852 ரூபாய். தமிழ்நாட்டில் சுமார் 500 ரூபாய். களியக்காவிளையைக் கடந்து வேலைக்குச் செல்வோரின் காரணம் இவ்விரு எண்களில் அடங்கும்.

ஆனால் முந்திரித் தொழிலில் எல்லை எதிர்த்திசையில் வேலை செய்தது. கேரளத்தில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் முந்திரித் தொழிலாளிக்கு உயர்ந்த கூலியை வகுத்தது. 1960-களிலும் 70-களிலும் முதலாளிகள் சிலர் கூலி குறைந்த குமரி மாவட்டத்திற்கு ஆலைகளை நகர்த்தினர். ஊர்மக்கள் ‘அண்டியாப்பீசு’ என்னும் அவ்வாலைகளில் உழைப்போர் பெரும்பாலும் பெண்கள். 1970-களில் ஆப்பிரிக்கக் கொட்டையின் வரவு குறைந்தபோது கேரளப் பெண்களின் கூலி விகிதம் ஏட்டில் குறையவில்லை. வேலை நாட்களே குறைந்தன. சட்டம் விகிதத்தைக் காத்தது. நாட்களைக் காக்க இயலவில்லை.

2020 மார்ச் 25-இல் நாடு முழுதும் ஊரடங்கு வந்தபோது இவ்வுண்மை மீண்டும் வெளிப்பட்டது. மிகுந்த நாட்கூலி பெற்ற கொத்தனாரும், சொற்பக்கூலி பெற்ற நெசவாளியும் ஒரே நாளில் வெறுங்கையராயினர்.

இக்காலனியில் வாழும் நம்மில் பலர் மாதச் சம்பளமும் பஞ்சப்படியும் பெறுவோர். விலை ஏறினால் படியும் ஏறும். பனையேறிக்குப் பஞ்சப்படி இருந்ததில்லை. வெளியூரிலுள்ள மகனோ தம்பியோ அனுப்பும் பணமே அவர்தம் பஞ்சப்படி. ஆதலின், ஊரில் கூலி உயர்ந்துவிட்டது என்று கேட்டு மகிழுமுன், மாதத்தில் எத்தனை நாள் வேலை, அக்கூலிக்கு எவ்வளவு அரிசி என்றும் கேட்டறிவோமாக. திருநாளுக்குத் துணி எடுக்குங்கால் பாலராமபுரத்துத் தறியையும் நினைவோமாக. அங்கே தறி ஓடும் நாளே கூலியுள்ள நாள்.