மறதிக்கு ஒரு மருந்து

வலைக்குத் தொடக்கத்தில் நினைவாற்றல் இல்லை. பக்கத்தைத் தந்த மறுகணமே வந்தவர் யாரென்பதை வழங்கி மறந்துவிடும். இம்மறதிக்கு 1994இல் மருந்து கண்டவர் நெட்ஸ்கேப் பொறியாளர் லூ மான்டுல்லி. இணைய அங்காடியில் நாம் கூடையிலிட்ட பொருள்களை நினைவில் வைக்க, நம் உலாவியிலேயே ஒரு சிறு குறிப்பை விட்டுவைத்தார். அதுவே 'குக்கீ'.

விளம்பர நிறுவனங்கள், நாம் அழைக்காத மூன்றாமவராக நுழைந்து, தளந்தோறும் நம்மைத் தொடர அதையே கைக்கொண்டன. மூன்றாமவர் குக்கீகளை இயல்பாக அனுமதிக்கலாகாது என்றது 1997இல் வெளியான தர ஆவணம். அன்றைய பெரிய உலாவிகள் செவிசாய்க்கவில்லை. 2020இல் சஃபாரி அவற்றை முழுமையாகத் தடுத்தது. தடுப்பதாக அறிவித்த குரோமோ 2024இல் அத்திட்டத்தைக் கைவிட்டது.

ஆகவே, உலாவியின் அமைப்புகளில் மூன்றாமவர் குக்கீகளைத் தடுப்பதும், சேர்ந்தவற்றை அவ்வப்போது அழிப்பதும் இன்றும் நம் பொறுப்பாகவே எஞ்சியிருக்கின்றன.