முட்டைக்கோழிப் பண்ணை வேலைக்கும் பயிற்சி தேவையா? தொழிலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டியது என்ன?

முட்டை உற்பத்தி என்றாலே தமிழ்நாட்டில் நினைவுக்கு வருவது நாமக்கல்தான். அங்கே ஒரே ஷெட்டில் ஆயிரக்கணக்கான கோழிகள் இருக்கும். கால்நடை மருத்துவர் தினமும் வருவதில்லை. தினமும் கோழிகளைப் பார்ப்பவர் தொழிலாளி. அதனால், நோய் வந்தால் முதலில் கண்டுபிடிக்க வேண்டியவரும் அவர்தான்.

தீனி போட்டு முட்டை எடுக்கிறதுதானே, இதுக்கு என்ன பயிற்சி?

முட்டையிடும் கோழி ஒரு நாளைக்குச் சுமார் 100 முதல் 110 கிராம் தீவனம் தின்னும். வழக்கமாகக் காலியாகும் தொட்டியில் தீவனம் மிஞ்சினால், அதுவே முதல் எச்சரிக்கை. முட்டை குறைவது, ஓடு மெலிவது, எச்சத்தின் நிறம் மாறுவது, மூச்சில் சத்தம் கேட்பது ஆகியவையும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்.

எங்கே தவறு நடக்கும்?

* தடுப்பு மருந்து: வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான லசோட்டா மருந்தில் இருப்பது உயிருள்ள வைரஸ். குளோரின் கலந்த தண்ணீரில் ஊற்றினால் அது செத்துவிடும். மருந்து கொடுத்தும் பலன் இருக்காது.

* வெளிச்சம்: முட்டையிடும் பருவத்தில் தினமும் சுமார் 16 மணி நேர வெளிச்சம் தேவை. விளக்கு போடும் நேரம் குறைந்தால் முட்டையும் குறையும்.

* வெயில்: கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடல் சூடு ஏறிவிட்டது என்று அர்த்தம். குழாயில் சூடாகிக் கிடக்கும் தண்ணீரை வெளியேற்றி, குளிர்ந்த தண்ணீர் விட வேண்டும். நடுப்பகலில் தீனி போடக் கூடாது.

பயிற்சி எங்கே கிடைக்கும்?

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, வேளாண் அறிவியல் நிலையம் ஆகியவை பண்ணையாளர்களுக்குப் பயிற்சி தருகின்றன. ஆனால் முதலாளி கற்றது ஷெட்டுக்குள் இருப்பவருக்குப் போய்ச் சேர வேண்டும். வட மாநிலத் தொழிலாளர்கள் வேலை செய்யும் பண்ணையில் தமிழில் போர்டு மாட்டினால் மட்டும் போதாது. அவர்கள் மொழியில் சொல்லி, செய்து காட்டி, திரும்பச் செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம்

"நேத்து 3 கோழி செத்துச்சு, இன்னைக்கு 12" என்று சொல்பவரைத் திட்டினால், அடுத்த முறை அவர் சொல்ல மாட்டார். பறவைக் காய்ச்சல் போன்ற நோய்களில் ஒரு நாள் தாமதமும் ஆபத்து. பயமில்லாமல் உடனே தகவல் சொல்ல முடிந்தால்தான், கற்ற பயிற்சிக்கும் பலன் கிடைக்கும்.